கைக்கெட்டும் தூரம்

(முதுமையும் நலவாழ்வும் குறித்து, ஆந்திர மாநிலம் பலமனேரில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பலமனேர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் எழுவது இந்த ஊர் மண். சென்னை – பெங்களூரு சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, சுடுமண் குடமும் குதிரையும் விளக்கும் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். வாங்குகிறவர் கண்ணில் படுவது பொருள் மட்டும். அதைச் செய்யும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மண் மிதிப்பது இளங்கால்களின் வேலை. சக்கரத்தின் முன் குந்தியிருந்து பெரிய பாண்டம் வனைவது நடுவயதின் வேலை. முழங்கால் மடங்க மறுக்கும் வயதிலும் கை ஓய்ந்துவிடுவதில்லை. சிறு விளக்குகளை அச்சில் எடுக்கவும், விளிம்பைச் சீராக்கவும், ஈரம் பதமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுச் சொல்லவும், சூளையில் எதை எங்கே அடுக்குவது என்று காட்டவும் அந்தக் கை நகர்ந்துவிடுகிறது. இதை யாரும் பாடமாக எழுதி வைக்கவில்லை. குயவர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு இது.

பால் பால்ட்டஸ், மார்கரெட் பால்ட்டஸ் என்னும் ஜெர்மானிய உளவியல் தம்பதியர் 1990-ல் இதே ஏற்பாட்டை ஒரு கோட்பாடாக வகுத்து வெளியிட்டார்கள். வயதாகும்போது நன்றாக வாழ்கிறவர்கள் மூன்று காரியங்களைச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், தமக்கு முக்கியமான சிலவற்றைத் தெரிந்தெடுக்கிறார்கள். தெரிந்தெடுத்ததை முன்னைவிட அதிகப் பயிற்சியால் மெருகேற்றுகிறார்கள். உடம்பில் எது குறைந்ததோ அதற்கு வேறு வழியில் ஈடுசெய்கிறார்கள். தெரிவு, மெருகு, ஈடு என்று மூன்றே சொல்லில் அடக்கிவிடலாம்.

இதை விளக்க அவர்கள் காட்டிய ஆள் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். 1976-ல் 89 வயதில் தம் கடைசிக் கச்சேரியை நிகழ்த்தியவர். முதுமையில் அவர் வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்தவற்றை அதிக நேரம் சாதகம் செய்தார். வேகமான பகுதி வருவதற்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நிதானித்தார். அதனால் அடுத்து வந்த வேகம், கேட்பவர் காதுக்கு உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றியது. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது புதிய செய்தியாக இராது. வயதான வித்வான் சுருதியை இறக்கி வைத்துக்கொண்டு, பிர்காக்களைக் குறைத்து, ஒரு ராகத்தின் சாரத்தை நாலு பிடிகளில் காட்டிவிடுவதை ரசிகர்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள்.

தமிழ் மண்ணில் இந்த மூன்றுக்கும் ஒரே மனிதரைச் சான்று காட்ட வேண்டுமானால், கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியைக் காட்டலாம். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தவர். ஐக்கிய நாடுகள் சபை பின்னாளில் முதியோர் தினமாக அறிவித்ததும் அதே அக்டோபர் முதல் தேதிதான். ராணுவ மருத்துவராக இருந்த இளம் வயதிலேயே அவரைக் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் வளைந்து உறைந்தன. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை, மாதக்கணக்கில் படுக்கை. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கண் மருத்துவத்துக்கு மாறினார். இது தெரிவு. கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்க மீண்டும் மீண்டும் பழகினார். இது மெருகு. தம் கைக்குப் பொருந்தும் கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். இது ஈடு. அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தன.

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பென்ஷனோடு வீட்டில் இருக்க வேண்டிய வயதில், உடன்பிறந்தாரையும் உறவினரையும் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-ல் அரவிந்த் தொடங்கிய லென்ஸ் தொழிற்கூடமான ஆரோலேப் அதை உள்நாட்டிலேயே செய்து, விலையை மிகச் சிறு பங்காகக் குறைத்தது. இன்று திருப்பதியிலும் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது. முடங்கிய விரல்களோடு ஒருவர் தம் வாழ்வை மாற்றிக்கொண்டதன் பலன், சித்தூர் மாவட்டத்துப் பாட்டி ஒருவர் அரிசியில் கல் பொறுக்கும் பார்வையாக வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த வாழ்க்கையில் மன உறுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதிக் கதைதான் கிடைக்கும். அவர் படுத்துக் கிடந்தபோது சென்னை அரசு மருத்துவமனை இருந்தது. மறுபடியும் படிக்க ஒரு கல்லூரி இடம் கொடுத்தது. துணைக்கு ஒரு குடும்பம் நின்றது. தந்தை பெரியாரின் கடைசி ஆண்டுகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாயோடும் அதற்கான பாத்திரத்தோடும், வேனில் ஊர் ஊராகப் போய், உட்கார்ந்தபடியே மணிக்கணக்கில் பேசினார். 94 வயதில், 1973 டிசம்பர் 19-ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். ஐந்தாம் நாள், பலமனேர் மலையை விட்டு இறங்கினால் வருகிற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறைந்தார். அந்தப் பயணங்களைச் செய்தது அவருடைய மனம். செய்ய வைத்தவை குழாயும் வேனும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட துணைவி மணியம்மையாரும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட முதுமை பற்றிய அறிக்கையும் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. நோயே இல்லாத முதுமையை அது இலக்காக வைக்கவில்லை. தனக்கு மதிப்புடையதாகத் தோன்றும் காரியங்களைச் செய்ய ஒருவருக்கு முடிகிறதா என்று கேட்கிறது. அந்த இயலுமை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஒன்று உடம்பிலும் மனத்திலும் உள்ள திறன், மற்றது சுற்றி இருக்கும் சூழல். ஒரே அளவு முழங்கால் வலி உள்ள இரண்டு பேரில், வீட்டு வாசலில் கைப்பிடி இருப்பவர் தினமும் கோயிலுக்குப் போகிறார். மூன்று உயரப் படிகள் இருப்பவர் திண்ணையோடு நின்றுவிடுகிறார்.

இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயது கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். 2050-ல் ஐந்தில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். தென் மாநிலங்களில் குழந்தைப் பிறப்பு முன்னதாகவே குறைந்துவிட்டதால், நரை இங்கே முந்திக்கொண்டு வருகிறது. 2017–18-ல் 72,000 பேரைச் சந்தித்து நடத்திய இந்திய முதுமை ஆய்வில், முதியவர்களில் 75 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் இருப்பது தெரிந்தது. நாலு பேரில் மூன்று பேர் சுகர், பி.பி., மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று ஏதோ ஒன்றோடுதான் வாழ்கிறார்கள். அதோடு எப்படி நன்றாக வாழ்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

டொரான்டோ மாரத்தானை 2011-ல் நூறு வயதில் ஓடி முடித்த ஃபௌஜா சிங்கைப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, கட்டிலை விட்டு எழவே சிரமப்படும் ஒரு பெரியவர் தம்மீது குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி 1990-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளர்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார், வீட்டிலேயே செய்யும்படி வகுத்த கால்வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் முதியவர்கள் விழுவதை மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. அதற்கு ஜிம் தேவைப்படவில்லை. நாற்காலியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, ஒரு காலுக்கு முன் மறுகாலை ஒட்டி வைத்து நடப்பது, உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சிகள்தான்.

விழுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்த ஒரே விழுகை, நடமாடிக்கொண்டிருந்தவரைப் படுக்கையில் கிடத்திவிடுகிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் குளியலறையில், இரவில், ஈரத் தரையில் நடக்கிறது. பளபளக்கும் டைல்ஸ் போட்டுக் கட்டிய புதுவீட்டில், சாணம் மெழுகிய தரையில் பிடிமானத்தோடு நடந்து பழகிய கால் வழுக்குகிறது. குந்தி உட்காரும் கழிப்பறையில் எழும்போது பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு இரவு விளக்கு, காலுக்கு அடியில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு: இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் மருத்துவமனைச் செலவைவிடக் குறைவு.

மாத்திரையும் தள்ளிவிடும். தூக்க மாத்திரை, பி.பி. மாத்திரை, சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை மூன்றும் சேர்ந்தால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றலாம். முழங்கால் வலிக்குச் சீட்டு இல்லாமல் வருடக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல டாக்டர்களிடம் போகிற பெரியவர், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டரின் மேசையில் கொட்டிக் காட்டினாலே, தேவையற்ற இரண்டு மூன்று கழிந்துபோகும்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தச் சீமைக்கு ஒரு நல்ல சொத்து உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியத்திலும் அவ்வளவு கிடையாது. ஆனால் தசைக்கு வேண்டிய புரதம் அதில் கொஞ்சம்தான். அதனால்தான் ராகிக் களிக்குத் துணையாக வேர்க்கடலைச் சட்னியோ பருப்போ கீரையோ வைத்தார்கள். பல் விழுந்த பிறகு பெரியவர்கள் கடலையையும் பயறையும் விட்டுவிட்டு, களியை மோரில் கரைத்துக் குடித்துப் படுத்துவிடுகிறார்கள். கடலையை மைய அரைத்துக் கொடுத்தாலும், பயறைக் குழைய வேகவைத்துக் கொடுத்தாலும், ஒரு முட்டையோ ஒரு டம்ளர் பாலோ சேர்த்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டலாம்.

காது மந்தமானவரைக் குடும்பம் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலக்கிவிடுகிறது. உரக்கச் சொல்லிச் சலித்தவர்கள் சொல்வதையே நிறுத்துகிறார்கள். லான்செட் இதழின் ஆய்வுக் குழு 2024-ல் மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணிப்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலை ஆகியவற்றோடு கேளாமையும், சரிசெய்யாத பார்வைக் குறைவும், தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காதுக் கருவி வாங்கித் தருவதைப் பலரும் ஆடம்பரச் செலவாக நினைக்கிறார்கள். அது மூளைக்குப் போகும் பாதையைத் திறந்து வைக்கிறது.

மறதி நோயைப் பற்றிய உலக அறிவுக்கு இந்தப் பக்கத்து மண்ணும் பங்களித்திருக்கிறது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு மொத்தத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. அந்த அநியாயத்தையே பெயராக வைத்து ‘10/66’ என்ற ஆய்வுக்குழு உருவானது. அதன் இந்தியக் களங்களில் ஒன்று சென்னை, மற்றொன்று வேலூரின் கிராமப்புறம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் தேதி கேட்டு, படம் வரையச் சொல்லி மறதியை அளக்க முடியாது. எழுத்தறிவைச் சாராமல் மறதியைக் கண்டறியும் முறையை அந்தக் குழு உருவாக்கியது. “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று வீட்டார் தள்ளிவிடும் பல நடத்தைகளுக்கு ஒரு நோயின் பெயர் உண்டு என்பதும், பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கோ மகளுக்கோ அந்த விவரம் தெரிந்தால் வீட்டின் கசப்பு பெருமளவு குறையும் என்பதும் இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

தனிமைக்கு மாத்திரை கிடையாது. பெங்களூரு பக்கத்தில் இருப்பது இந்த ஊருக்கு வருமானம்; பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போய்விட, அதுவே பல வீடுகளில் இரண்டு கிழவர்களையும் ஒரு பூட்டையும் மிச்சம் வைத்திருக்கிறது. மலைக்குக் கீழே, குடியாத்தம் அருகே கே.வி. குப்பத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கிராமப்புற நலப் பிரிவான ரூஷா, கிராமங்களிலேயே முதியோர் பகல்நேர மையங்களை நடத்திவருகிறது. பெரியவர்கள் காலையில் வருகிறார்கள், பேசுகிறார்கள், விளையாடுகிறார்கள், மதியம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், மாலையில் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் வீட்டை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் தேடிப் போக ஆள் உண்டு.

அரசுகளும் வாசல் வரை வரத் தொடங்கியிருக்கின்றன. ஆந்திரத்தில் முதியோர் ஓய்வூதியம் 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய். கிராம அல்லது வார்டு அலுவலக ஊழியர் வீட்டுக்கே வந்து கையில் கொடுக்கிறார். எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. சுகர், பி.பி. மாத்திரை வீடு தேடி வருகிறது; பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறை மருத்துவர் கட்டிலருகே வந்து கையைக் காலை அசைத்துப் பழக்குகிறார். 70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபர் முதல் கிடைக்கிறது. கைத்தடி, வாக்கர், காதுக் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட் ஆகியவற்றை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு இலவசமாகத் தரும் வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரலில் நம் ஆந்திரத்து நெல்லூரில்தான் தொடங்கப்பட்டது. ஆலோசனைக்கும் உதவிக்கும் 14567 என்ற முதியோர் தொலைபேசி எண் இருக்கிறது.

இத்தனை இருந்தும் இடைவெளி எங்கே விழுகிறது? காப்பீடு படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான் பயன்படும். விழாமல் இருக்க வேண்டிய கைப்பிடிக்கும், தினமும் பதினைந்து நிமிடம் பயிற்சி சொல்லித்தர ஓர் ஆளுக்கும் அதில் இடமில்லை. உதவிக் கருவிகள் தரும் முகாம் நடக்கும் மாவட்டத் தலைநகர் சித்தூர், மொகிலி மலைப்பாதை இறங்கி சுமார் நாற்பது கிலோமீட்டர். காருக்கு அது ஒரு மணி நேரம். பஸ்ஸின் முதல் படியில் கால் எட்டாத பாட்டிக்கு அதைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது. மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அறிவிப்பு தெலுங்கில் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, சந்தையில் தெலுங்கு பேசி வாழ்ந்தவருக்கு இரண்டு எழுத்துமே தெரியாமல் இருக்கலாம். காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்கு நிலாவும் அட்டையில் வரைந்து கொடுக்க ஒரு மருந்துக்கடைக்காரருக்கு அரை நிமிடம் போதும்.

பலமனேரை ‘ஏழைகளின் ஊட்டி’ என்பார்கள். இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பி வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே வந்து தங்கினார்கள். பக்கத்து மதனப்பள்ளியில், காற்றை நம்பியே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை எழுப்பினார்கள். காலையில் நடக்கத் தோதான காற்றும் மேடும் மரநிழலும் இங்கே இயற்கையாக அமைந்திருக்கின்றன. அவற்றோடு சேர வேண்டியவை சில: பஸ் நிலையத்தில் தாழ்ந்த படியும் சாய்ந்து உட்காரும் பெஞ்சும், மாதம் ஒருமுறை கண்ணும் காதும் பார்க்கும் ஒரு நாள், ஆஷா ஊழியருக்கு முதியவர்களின் கால்வலுவைச் சோதிக்கும் பயிற்சி, பகலில் காலியாகக் கிடக்கும் ஒரு சமுதாயக் கூடத்தின் சாவி. இவற்றைக் கேட்க வேண்டிய பொறுப்பு பெரியவர்களுக்கு மட்டும் உரியதில்லை. நாற்பது வயதில் இருப்பவர் இன்றைக்குக் கேட்டு வாங்கும் கைப்பிடி, அவர் எழுபதில் பற்றிக்கொள்ளும் கைப்பிடி.

கடைசியாக ஒரு சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுவதும் எழுந்து உட்கார வேண்டும். முப்பது விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயது வரை உள்ள ஆண்களுக்கு 12-க்கும், பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் கால்வலு போதாது. விழும் ஆபத்து அதிகம். அவையில் உள்ள பெரியவர்கள் நாளைக் காலையில் வீட்டில், சுவரோடு ஒட்டி வைத்த நாற்காலியில், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டு, தினமும் சில முறை எழுந்து உட்கார்ந்து பழகி, இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எண்ணலாம். இப்போது கூட்டம் கலைகிறது. வாசலில் இரண்டு படி இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முன்வரிசையில் இருக்கும் இளைஞர்கள் முதலில் போய் அங்கே நின்று, இறங்குகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும்.